தவக்காலத்தின் இரண்டாம் வாரம்

தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனன்று யாரும் தடுமாறுவதில்லை. கோவில் நிறைந்திருக்கும். வீட்டு அடுப்படி சைவத்துக்கு மாறியிருக்கும். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகூட "ஈஸ்டர் வரைக்கும் எனக்கு சாக்லேட் வேண்டாம்" என்று அறிவித்திருக்கும். முதல் வெள்ளியும் சிலுவைப்பாதையோடு நல்லபடியாகக் கழிந்துவிடும். சறுக்கல் வருவது பெரும்பாலும் இரண்டாம் வாரத்தில்தான். செவ்வாயோ புதனோ, வேலை முடிந்து வருகிற வழியில் டீக்கடையில் நண்பன் ஒரு சிகரெட்டை நீட்டுவான். அதை வாங்கிப் பற்றவைத்து நாலு இழுப்பு இழுத்ததும் உள்ளே ஒரு குரல் கேட்கும்: "இந்த வருஷம் போச்சு. அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்." சிகரெட்டைவிட அந்தக் குரல்தான் பெரிய சோதனை.

ஈஸ்டருக்கு முந்தின இந்த நோன்பு நாட்களைக் கத்தோலிக்கர் தவக்காலம் என்கிறார்கள், பழைய ஆட்கள் தபசு காலம் என்பார்கள். சி.எஸ்.ஐ.யிலும் லுத்தரன் சபையிலும் லெந்து நாட்கள். பெயர் எதுவானாலும், இதில் எது சபைக் கட்டளை, எது ஊர் வழக்கம், எது நாமாகத் தலையில் ஏற்றிக்கொண்டது என்று பிரித்துத் தெரிந்துகொள்ளாமல் தொடங்குவதால்தான் பாதிப்பேர் நடுவழியில் உட்கார்ந்துவிடுகிறார்கள்.

முதலில் நாள் கணக்கு. சாம்பல் புதன் தொடங்கி ஈஸ்டருக்கு முந்தின சனி வரை எண்ணினால் 46 நாள் வரும். நடுவில் விழும் 6 ஞாயிறுகளைக் கழித்தால் 40. ஞாயிறு ஒவ்வொன்றும் ஆண்டவர் உயிர்த்த நாளின் நினைவு என்பதால் அன்று நோன்பு கிடையாது என்பது பழைய மரபு. "அப்படின்னா ஞாயித்துக்கிழமை கறி சாப்பிடலாமா சார்?" என்று மறைக்கல்வி வகுப்பில் வருஷா வருஷம் ஒரு கை உயரும். சாப்பிடலாம். ஆனால் அதைச் சாம்பல் புதனுக்கு முன்பே முடிவு செய்துகொள்ள வேண்டும். பக்கத்து வீட்டு பிரியாணி வாசனை வந்தபிறகு ஞாயிற்றின் மகிமை நினைவுக்கு வந்தால், அதை இறையியல் என்று சொல்ல முடியாது.

சாம்பலைப் பற்றிக் கொஞ்சம் விரித்தே சொல்லலாம். கோயில்பிள்ளைகளுக்கு, அதாவது கோவில் பணியாளர்களுக்கு, தலைவலி தருகிற வேலை அது. முந்தின வருஷம் குருத்து ஞாயிறன்று மந்திரித்த ஓலைகளை எரித்துத்தான் இந்தச் சாம்பல் செய்யப்படுகிறது. நம் பக்கத்தில் பெரும்பாலும் தென்னங்குருத்து, வீடுகளில் படத்துக்குப் பின்னால் செருகி வைத்தது. இரண்டு வாரம் முன்னதாகவே ஞாயிறு அறிவிப்பில் கேட்டு வாங்கிவிட வேண்டும். வந்து சேரும் ஓலையில் பாதி சிலுவை மாதிரி மடித்ததாக இருக்கும். அதில் குண்டூசி, ஸ்டேப்ளர் பின், ரப்பர் பேண்டு, நைலான் ரிப்பன் எல்லாம் ஒளிந்திருக்கும். ஒவ்வொன்றாகப் பிரித்து எடுக்காமல் தீ வைத்தால் ரிப்பன் உருகிக் கறுப்புக் கட்டியாகச் சாம்பலில் கலந்துவிடும், சலித்தாலும் முழுதாகப் போகாது. மடிப்புக்குள் ஈரமும் பூஞ்சையும் இருக்கும் என்பதால் இரண்டு நாள் வெயிலில் போட்டு, பிறகு இரும்புச் சட்டியில் கொஞ்சங்கொஞ்சமாக எரிப்பது நல்லது. ஓலையின் எடையில் பத்தில் ஒரு பங்குகூட சாம்பலாக மிஞ்சாது. முழுக்க வெந்து வெளுத்த சாம்பல் நெற்றியில் நிற்காமல் உதிரும், கரி கொஞ்சம் கலந்தது ஒட்டிக்கொள்ளும். ஆறியதும் பொடித்து, மெல்லிய துணியில் சலித்து, ஈரம் படாத பாட்டிலில் போட்டு வைக்க வேண்டும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. திருநீறு குழைப்பதுபோல இதில் தண்ணீர் ஊற்றிக் குழைக்கக் கூடாது. தாவரச் சாம்பலில் பொட்டாசியம் கார்பனேட் இருக்கிறது. தண்ணீரில் கரைந்தால் அது காரக் கரைசலாகிவிடும். அந்தக் காலத்தில் சாம்பல் தண்ணீரில்தானே துணி வெளுத்தார்கள்? அதை நெற்றியில் பூசி மணிக்கணக்கில் விட்டால் தோல் எரிந்து சிவந்து போகும். சடங்கில் தீர்த்தம் தெளிப்பது சில துளிதான், அதனால் ஒன்றும் ஆகாது. சாம்பல் ஒட்டவில்லை என்று கிண்ணத்தில் தண்ணீரைச் சாய்ப்பதுதான் ஆபத்து. ஒட்ட வேண்டுமானால் இரண்டு சொட்டு எண்ணெய் போதும்.

சாம்பல் பூசும்போது குரு சொல்வது இரண்டில் ஒன்று: மண்ணாய் இருக்கிற நீ மண்ணுக்கே திரும்புவாய் என்ற ஆதியாகம வார்த்தை, அல்லது மனம் திரும்பி நற்செய்தியை நம்பு என்ற மாற்கு நற்செய்தியின் வார்த்தை. கத்தோலிக்கத் திருப்பலியில் அன்று வாசிக்கப்படும் நற்செய்தி மத்தேயு 6-ஆம் அதிகாரம். நோன்பிருக்கும்போது முகவாட்டமாய் இராதே, தலைக்கு எண்ணெய் தடவி முகத்தைக் கழுவு, நீ நோன்பிருப்பது மனுஷருக்குத் தெரிய வேண்டாம் என்று ஆண்டவர் சொல்லும் பகுதி. அதைக் கேட்டுவிட்டு நெற்றியில் சாம்பலோடு வெளியே வருகிறோம்! இந்த முரண் சபைக்குத் தெரியாததில்லை. 'நான் மண்' என்று ஒப்புக்கொள்கிறவனுக்குப் பெருமையடித்துக்கொள்ள ஒன்றுமில்லை என்பதுதான் சாம்பலின் கணக்கு. கோவில் வாசலிலேயே செல்ஃபி எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டால் கணக்கு உதைக்கும். நாற்பது நாள் சவரம் செய்யாமல் இருக்கிற வழக்கத்தையும் இந்த வசனத்தின் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். தாடி விடுவது பாவமில்லை. ஆனால் ஊருக்கெல்லாம் 'நான் விரதம்' என்று சொல்லும் பலகையாக அது மாறிவிடக் கூடாது.

சாப்பாட்டுக்கு வருவோம். கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம் கேட்பது நம் வீட்டுப் பெரியவர்கள் கேட்பதைவிட மிகக் குறைவு. ஒருசந்தி, அதாவது ஒருவேளை முழுச் சாப்பாடு, கட்டாயமாக இருக்கும் நாட்கள் வருஷத்தில் இரண்டே இரண்டு: சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும். 18 வயது நிரம்பியவர்களுக்குத் தொடங்கி, 59 நிரம்பி 60-ஆம் வயது பிறந்ததும் இந்தக் கடமை முடிந்துவிடுகிறது. சுத்தபோசனம், அதாவது இறைச்சி தவிர்ப்பது, 14 வயது நிரம்பியவர்கள் எல்லாருக்கும் உண்டு, முடிகிற வயது என்று ஒன்று இல்லை. இந்த இரண்டு நாளோடு தவக்காலத்தின் எல்லா வெள்ளிகளிலும் அது உண்டு. அந்த வெள்ளியில் பெருவிழா விழுந்தால் விலக்கு: 2027-இல் மார்ச் 19, புனித யோசேப்பு பெருவிழா, வெள்ளிக்கிழமைதான் வருகிறது. ஈஸ்டர் மார்ச் 28. அந்த ஒரு வெள்ளி மட்டும் கறிக்கடைக்குப் போகலாம்.

ஒருசந்தி என்றால் பட்டினி என்று நினைப்பவர்கள் நிறைய. திருத்தந்தை ஆறாம் பவுல் 1966-இல் வகுத்த ஒழுங்குப்படி ஒருவேளை முழுச் சாப்பாடு, காலையும் மாலையும் கொஞ்சம் ஆகாரம். அந்தச் சின்ன ஆகாரம் இரண்டும் சேர்ந்தும் ஒரு முழுச் சாப்பாட்டைத் தொடக் கூடாது என்பது வழக்கமான அளவு. நம் அடுப்படிக் கணக்கில் காலையில் ஒரு இட்லி, மதியம் வழக்கம்போல் சோறு, சாம்பார், பொரியல், இரவு ஒரு டம்ளர் கஞ்சி. இரவுப் பணிக்காரர் முழுச் சாப்பாட்டை இரவுக்குத் தள்ளிக்கொள்ளலாம். தண்ணீர், மருந்து, டீ, காபி எதுவும் ஒருசந்தியை முறிக்காது.

பிரச்சினை எங்கே வருகிறதென்றால் அந்த ஒருவேளையில். காலையில் விட்டதையும் இரவு விடப்போவதையும் சேர்த்து மதியமே கட்டிவிடுவது. பாலைவனத் துறவிகளின் வாழ்வை நேரில் பார்த்து எழுதிய ஜான் காசியன் 5-ஆம் நூற்றாண்டிலேயே இதைக் கண்டிக்கிறார். அவர் சொல்லும் அளவு நாளுக்கு இரண்டு சிறு ரொட்டி, இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய ஒரு ராத்தல் (பவுண்டு). நாள் தவறாமல் அளவோடு உண்பவன், இரண்டு நாள் பட்டினி கிடந்து மூன்றாம் நாள் வயிறு முட்டத் தின்பவனைவிட நெடுந்தூரம் போவான் என்பது அவர் கட்சி. சர்க்கரை, வயிற்றுப்புண், பிரஷர் எல்லாம் சர்வசாதாரணமாகிவிட்ட நமக்கும் அதுவே பொருந்தும். இன்சுலின் போடுகிறவர்கள், சர்க்கரையைச் சட்டென்று இறக்கும் மாத்திரை எடுப்பவர்கள், கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார், கடின உடலுழைப்பு செய்பவர்கள் ஒருசந்திக்குக் கட்டுப்பட்டவர்கள் அல்லர். "மாத்திரையை விட்டுட்டு நோன்பு இருந்தேன்" என்று பெருமையாகச் சொல்கிறவர்களைக் கோவிலுக்குக் கோவில் பார்க்கலாம். அதைச் சபை கேட்கவில்லை.

அடுத்து சில்லறைக் கேள்விகள். முட்டை, பால், நெய்: தடையில்லை. மீன், கருவாடு, நண்டு, இறால்: இறைச்சிக் கணக்கில் சேராது. கோழிக்குழம்பில் துண்டைத் தள்ளிவிட்டுக் குழம்பை மட்டும் ஊற்றிக்கொள்ளலாமா? 1917-ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பு இறைச்சிச் சாற்றையும் சேர்த்தே தடுத்திருந்தது. 1966 வாசகத்தில் சாறு பற்றிப் பேச்சில்லை. ஆகவே எழுத்தை மட்டும் வைத்து வாதாடினால் வக்கீல் ஜெயிக்கலாம். ஆனால் கேட்கிறவருக்கே விடை தெரியும். வெள்ளிக்கிழமை வஞ்சிரம் வறுவலும் இறால் தொக்குமாக விருந்து வைப்பதும் அதே ரகம்தான். முழு நாற்பது நாளும் சைவம் என்று பல வீடுகளில் இருப்பது சட்டமில்லை, நாமாக எடுத்துக்கொள்கிற நேர்த்தி (பொருத்தனை). நல்ல நேர்த்திதான். ஆனால் நேர்த்தியை முறித்தவரைச் சட்டத்தை முறித்தவராக நினைத்து வீட்டில் ஒருவாரம் முகம் கொடுக்காமல் இருப்பது எந்த நோன்பிலும் சேராது.

காபியை விடுகிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. நாளைக்கு மூன்று நான்கு டம்ளர் குடித்தவர் சாம்பல் புதனன்று சட்டென்று நிறுத்தினால் 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலைவலி தொடங்கும், ஒன்றிரண்டு நாளில் உச்சத்துக்குப் போகும், சிலருக்கு ஒரு வாரம்கூட நீடிக்கும். வியாழனும் வெள்ளியும் வீட்டில் எல்லாரிடமும் எரிந்து விழுந்துவிட்டு, 'பிசாசு என்னைச் சோதிக்கிறான்' என்றால் பிசாசுக்கே சிரிப்பு வரும். முந்தின வாரமே மூன்றை இரண்டாக்கி, இரண்டை ஒன்றாக்கி இறங்கினால் இந்த வம்பு இல்லை.

இனி சோதனை என்ற சொல். தமிழில் இது விசித்திரமான சொல். பஸ்ஸைத் தவறவிட்டாலும் "என்னடா சோதனை" என்கிறோம், மனம் தப்பான பக்கம் இழுத்தாலும் சோதனை என்கிறோம். கிரேக்க மூலத்திலும் இதே நிலைதான். யாக்கோபு நிருபத்தின் முதல் அதிகாரத்தில் 2-ஆம் வசனத்தில் வருகிற துன்பச் சோதனையும் 13-ஆம் வசனத்தில் வருகிற பாவச் சோதனையும் ஒரே வேரிலிருந்து பிறந்தவை. முதலாவதைச் சந்தோஷமாக எண்ணச் சொல்லும் யாக்கோபு, இரண்டாவதைப் பற்றி 'தேவன் ஒருவனையும் சோதிக்கிறவரல்ல' என்று திட்டமாகச் சொல்கிறார். இந்தச் சிக்கல்தான் கர்த்தர் கற்பித்த ஜெபத்திலும். புராட்டஸ்டண்டு சபையார் 'எங்களைச் சோதனைக்குட்படப்பண்ணாமல்' என்கிறார்கள், கத்தோலிக்கர் 'எங்களைச் சோதனையில் விழவிடாதேயும்' என்கிறார்கள். முன்னது மூலத்தின் சொல்லுக்குப் பக்கம், பின்னது யாக்கோபு சொல்வதற்குப் பக்கம். 2020-இல் இத்தாலியத் திருப்பலி நூலில் இந்த வரியை 'சோதனைக்கு எங்களைக் கைவிடாதேயும்' என்ற பொருளில் மாற்றியபோது உலகமெல்லாம் விவாதம் நடந்தது. தமிழ்க் கத்தோலிக்கர் அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே ஏறக்குறைய அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

தவக்காலத்தின் முதல் ஞாயிறு வாசிக்கப்படுவது பாலைவனச் சோதனை. மத்தேயுவிலும் லூக்காவிலும் 4-ஆம் அதிகாரம். கல்லை அப்பமாக்கு என்பது முதல் சோதனை. அப்பம் சாப்பிடுவது பாவமா? இல்லை. பசித்தவர் உண்பது நியாயம்தானே? நம் வீட்டுச் சோதனைகளில் பெரும்பாலானவை இந்த வகைதான். ஓய்வு, சாப்பாடு, மரியாதை என்று கெட்டதாகத் தெரியாத ஒன்று, யாரோ ஒருவர் சொல்படி, இப்போதே வேண்டும் என்று வரும். தேவாலயத்தின் உச்சியிலிருந்து குதி என்கிற சோதனையில் பிசாசு (கத்தோலிக்கப் பொது மொழிபெயர்ப்பில் அலகை) வேதத்தையே எடுத்து விடுகிறான். சங்கீதம் 91, 11-ஆம் வசனம். அதில் 'உன் வழிகளிலெல்லாம் உன்னைக் காக்க' என்று இருக்கிறது. மத்தேயுவில் அந்தத் துண்டு முழுவதும் இல்லை. லூக்காவில் 'காக்க' இருக்கிறது, 'வழிகளிலெல்லாம்' இல்லை. வசனம் சரி, வெட்டிய இடம்தான் தப்பு. குதிக்கிற வழி அவருடைய வழி இல்லையே. வாட்ஸ்அப்பில் பூ படத்தோடு வரும் ஒற்றை வசனங்களைப் பார்க்கும்போது இதை நினைத்துக்கொள்ளலாம். முன்னும் பின்னும் இரண்டு வசனம் படிக்காமல் அனுப்பக் கூடாது என்று ஒரு தவக்காலத் தீர்மானமே எடுக்கலாம்.

இயேசு சொன்ன பதில்களைப் பாருங்கள். மூன்றும் உபாகமத்திலிருந்து: 8:3, 6:16, 6:13. இஸ்ரவேலர் 40 வருஷம் பாலைவனத்தில் தடுமாறியதை மோசே நினைவூட்டிப் பேசும் பகுதி. இயேசு வாதம் பண்ணவில்லை. சோதனைக்கு ஒரு வரி, அவ்வளவுதான். ஏவாள் பாம்போடு உரையாடியதும் இங்கே நடந்ததும் எவ்வளவு தூரம்! 4-ஆம் நூற்றாண்டில் எகிப்தின் பாலைவனத்தில் வாழ்ந்த துறவி எவாக்ரியுஸ் இதையே ஒரு முறையாக்கினார். பெருந்தீனி, காமம், பொருளாசை, துக்கம், கோபம், சலிப்பு, வீண்புகழ், ஆணவம் என்று எட்டு எண்ணங்களைப் பிரித்து, ஒவ்வொன்றும் வரும்போது திருப்பிச் சொல்ல ஏறக்குறைய 500 வேத வசனங்களைத் தொகுத்து வைத்தார். பின்னாளில் திருத்தந்தை பெரிய கிரகோரியார் கையில் மாறி இந்த எட்டுதான் நாம் மறைக்கல்வியில் படிக்கும் தலையான பாவங்கள் ஏழானது. நமக்கு 500 வேண்டாம். எந்த எண்ணம் அடிக்கடி வருகிறதோ அதற்கு ஒன்று, மனப்பாடமாக, மூச்சு விடும் நேரத்தில் சொல்லி முடிக்கிற நீளத்தில் இருந்தால் போதும். நீளமானது அவசரத்தில் வாயில் வராது.

இரண்டாம் வாரத்துக்கு எவாக்ரியுஸின் ஆறாவது எண்ணம்தான் பேர் வைத்திருக்கிறது: சலிப்பு. அவர் அதை நடுப்பகல் பேய் என்கிறார். காலை பத்து மணி வாக்கில் தொடங்கி மதியம் இரண்டு வரை துறவியைப் பிடிக்குமாம். சூரியன் நகரவே இல்லை என்று தோன்றும், ஒரு நாளுக்கு ஐம்பது மணி நேரம் என்று தோன்றும், யாராவது வருகிறார்களா என்று ஜன்னலை எட்டிப் பார்க்கத் தோன்றும். பிறகு இந்த இடமே சரியில்லை, இந்த வாழ்க்கையே சரியில்லை என்று தோன்றும். அவர் சொல்லும் மருந்து மிக எளிது: அறையை விட்டு வெளியே போகாதே. இயேசு சபையைத் தொடங்கிய லொயோலா இஞ்ஞாசியார் 16-ஆம் நூற்றாண்டில் இன்னும் துல்லியமாகச் சொன்னார். மனம் வறண்டு கிடக்கும்போது, தெளிவாய் இருந்தபோது எடுத்த முடிவை மாற்றாதே. ஒரு மணி நேரம் செபிப்பதாக முடிவு செய்திருந்து மனம் ஓடச் சொன்னால், ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலேயே இரு. செபமாலையில் மூன்றாவது பத்துமணியில் கொட்டாவி வந்தால் அங்கேயே முடிக்காமல் ஐந்தையும் சொல்லி, கூட ஒரே ஒரு அருள் நிறை மந்திரம் சொல்லிப் பாருங்கள். அந்த ஒன்று கடவுளுக்காக இல்லை, சலிப்புக்குப் பதிலாக.

சோதனை எந்த இடத்தில் பாவமாகிறது என்பதில் ரொம்பப் பேருக்குக் குழப்பம். அகுஸ்தீனாரும் கிரகோரியாரும் மூன்று படி சொல்கிறார்கள்: தூண்டல், ரசிப்பு, சம்மதம். ராத்திரி பதினொரு மணிக்குப் போன் ஒளிர்கிறது. அது தூண்டல், அதில் உங்கள் கை இல்லை. எடுத்துப் பார்க்கலாமே என்று மனசுக்குள் ஓட்டிப் பார்ப்பது ரசிப்பு. எடுத்துத் திறப்பது சம்மதம். பாவசங்கீர்த்தனத்தில், குருவிடம் பாவங்களை அறிக்கையிடும்போது, "கெட்ட நினைப்பு வந்தது" என்று அழுகிறவர்கள் முதல் படியிலேயே தங்களைத் தண்டித்துக்கொள்கிறார்கள். நினைப்பு வந்ததே பாவமென்றால், எல்லாவிதத்திலும் சோதிக்கப்பட்டும் பாவமில்லாதவர் என்று எபிரெயர் 4:15 இயேசுவைச் சொல்ல முடியாது. சண்டை போட வசதியான இடம் முதல் படிதான். இரண்டாவதில் பாதி தோற்றாயிற்று. ஆகவே தீர்மானங்களை மனசுக்குப் போடாமல் கைக்கும் காலுக்கும் போட வேண்டும். 'போனைக் குறைப்பேன்' என்பது தீர்மானமே இல்லை. 'இரவு 9 மணிக்குப் போன் சமையலறையில் சார்ஜில் நிற்கும், எழுப்ப ஒரு அலாரக் கடிகாரம் வாங்கிவிட்டேன்' என்பது தீர்மானம். 'குடியை விடுவேன்' என்பதோடு எந்தத் தெரு வழியாக வீட்டுக்கு வருவது என்பதும் சேர வேண்டும்.

விழுந்தால்? இங்கேதான் இஞ்ஞாசியாரின் நோட்டு உதவும். தனிப்பட்ட ஆன்மச் சோதனை என்று அவர் கொடுத்த முறை இது (இங்கே சோதனை என்பது தன்னைத்தானே ஆராய்ந்து பார்ப்பது). ஒரே ஒரு குறையை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும், இரண்டு கூடாது. நோட்டில் ஏழு நாளுக்கு ஏழு ஜோடி கோடு. காலையில் எழுந்ததும் அந்தக் குறையை நினைத்து ஒரு தீர்மானம். விழுகிற ஒவ்வொரு முறையும் யாருக்கும் தெரியாமல் கையை நெஞ்சில் ஒரு கணம் வைக்க வேண்டும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, காலையிலிருந்து மணிக்கு மணி நினைத்துப் பார்த்து, எத்தனை முறை விழுந்தோமோ அத்தனை புள்ளி முதல் கோட்டில். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு மீண்டும் அதேபோல் இரண்டாம் கோட்டில். பிறகு இரவை மதியத்தோடு, இன்றை நேற்றோடு, இந்த வாரத்தைப் போன வாரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். வாரம் போகப்போகப் புள்ளி குறையும் என்ற நம்பிக்கையில் அவர் கோடுகளையே நாளுக்கு நாள் சின்னதாகப் போட்டிருக்கிறார்.

இதில் தவறு நடக்கும் இடங்கள் மூன்று நான்கு உண்டு. மதியக் கணக்கை விட்டுவிட்டு எல்லாவற்றையும் இரவுக்குத் தள்ளினால் தூக்கக் கலக்கத்தில் நினைவு வராது. 'கோபம்' என்று பொதுவாக எழுதினால் எதைப் புள்ளி வைப்பது என்று தெரியாது, 'பிள்ளையிடம் குரல் உயர்த்துவது' என்று எழுத வேண்டும். நோட்டு வீட்டில் எல்லார் கண்ணிலும் படுகிற இடத்தில் கிடந்தால் புள்ளி தானாகவே குறைந்துவிடும். அது எவாக்ரியுஸின் ஏழாவது எண்ணமான வீண்புகழின் வேலை. டீக்கடைச் சிகரெட்டுக்கு இந்த நோட்டில் ஒரு புள்ளிதான் கிடைக்கும். 'இந்த வருஷம் போச்சு' என்று எழுத அதில் இடமே இல்லை.

தர்மத்தை ஒரு பத்தியில் முடித்துக்கொள்கிறேன். நோன்பில் மிச்சப்படுவது ஏழைக்குப் போக வேண்டும் என்பது ஏசாயா 58-இன் சாரம். பிடியரிசி இதற்கு நல்ல வழி. உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி தனிக் கலயத்தில். பிடிக்கு 50 கிராம் என்று வைத்தால் 46 நாளில் 2.3 கிலோ, இரண்டு வேளை உலை வைக்கிற வீட்டில் 4.6 கிலோ. கலயம் வாய் திறந்து கிடந்தால் ஒரு மாதத்தில் வண்டு விழும். மூடியுள்ள டப்பாவும் நாலு காய்ந்த வேப்பிலையும் வையுங்கள். ஒரு விஷயம் மட்டும்: ரேஷன் அரிசியைக் கலயத்தில் போட்டுப் பொன்னியை நாம் சாப்பிடுவது கூடாது. அதே மூட்டை, அதே பிடி.

பெந்தெகொஸ்தே சபையார் பலரும் லெந்து அனுசரிப்பதில்லை. நாளையும் போஜனத்தையும் குறித்து ஒருவரும் உங்களைக் குற்றப்படுத்தாதிருக்கட்டும் என்ற கொலோசெயர் 2:16-ஐக் காட்டுவார்கள். ஆனால் அவர்களிடமும் வெள்ளி உபவாச ஜெபம் உண்டு, 21 நாள் உபவாசம் உண்டு. நாளை விசேஷித்துக்கொள்கிறவனும் கர்த்தருக்கென்றே, விசேஷித்துக்கொள்ளாதவனும் கர்த்தருக்கென்றே என்ற ரோமர் 14-ஐ இரண்டு பக்கமும் சேர்ந்து படித்தால் குடும்பத்துக்குள் சம்பந்திகளிடையே வருகிற பாதி வாக்குவாதம் மிச்சம். சி.எஸ்.ஐ. கோவில்களில் பெரிய வெள்ளி 12 முதல் 3 வரை நடக்கும் மும்மணி ஆராதனை, இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளின் தியானம், நம் ஊரில் அவர்களுக்கே உரியதுபோல் ஆகிவிட்டது. அதன் தொடக்கமோ 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பெரு நாட்டு லீமா நகரின் இயேசு சபைக் குருக்களிடம். யார் யாரிடமிருந்து எதை வாங்கினார்கள் என்று பார்க்கத் தொடங்கினால் சண்டைபோட விஷயமே கிடைக்காது.

அந்த ஆராதனை முடிந்து கோவில் வளாகத்தில் ஊற்றுகிற கஞ்சிக்கும் ஒரு பக்குவம் உண்டு. மூன்று மணி நேரம் உட்கார்ந்து எழுந்த வயிற்றுக்கு நீர்க்கக் காய்ச்சி, உப்பு குறைவாக, வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். துவையலில் காரத்தை வழக்கத்தில் பாதியாகப் போடுங்கள். வெறும் வயிற்றில் காரத் துவையல்தான் சனிக்கிழமை நெஞ்செரிச்சலுக்குக் காரணம்.

ஈஸ்டர் காலையில் இதைவிடப் பெரிய கூத்து நடக்கும். நாற்பது நாள் சைவம் இருந்தவர்கள் நள்ளிரவுத் திருப்பலி முடிந்து வந்த கையோடு மட்டன் பிரியாணி, மதியம் கோழி, இரவு மீதி பிரியாணி. திங்கள் மருந்துக்கடையில் கூட்டம். முதல் நாள் முட்டை, மீன், கொஞ்சமாகக் கறி என்று ஏறிப் போகலாம், அவசரமில்லை. பாஸ்கா காலம், அதாவது ஈஸ்டர் காலம், ஒரு நாள் கிடையாது. பெந்தெகொஸ்தே வரைக்கும் 50 நாள், தவக்காலத்தைவிட நீளம். மற்ற வெள்ளிகளிலும் இறைச்சி தவிர்க்கிறவர்களுக்குக்கூட, ஈஸ்டரை அடுத்து வரும் வெள்ளி எண்கிழமைக்குள் (ஈஸ்டர் தொடங்கி எட்டு நாள்) பெருவிழாவுக்குச் சமமாக வருவதால் அன்று சுத்தபோசனம் இல்லை. நோட்டை மட்டும் எடுத்து உள்ளே வைத்துவிட வேண்டாம். லூக்கா 4:13-இல் பிசாசு அவரை விட்டு விலகிப் போனது 'சிலகாலம்' என்றுதான் இருக்கிறது.